நானூற்றில் ஆறு

மஞ்சள் மண்டியில்
மூட்டையின் வயிற்றில் ஊசி செருகி உருவுகிறார் சென்னியப்பன்.
உள்ளங்கையில் விழுகின்றன நாலு விரலி.
ஒன்றை உடைத்து, நிறம் பார்த்து, மோந்து
நூறு மூட்டைக்கும் ஒரே விலை சொல்லிவிடுகிறார்.

என் ஊசி சிறிது.
நானூறு பேரைக் குத்திய பிறகும்
'ஏறத்தாழ' என்றுதான் நான் தொடங்க வேண்டும்.

தேடுவது சி வைரஸ்.
இரத்தத்தில் ஏறி, கல்லீரலில் குடியேறி
இருபது வருடம் வாடகை கேட்காமல் இருக்கும்.
எந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு?
கேள்வி அவ்வளவுதான்.

சங்ககிரிப் பட்டறைகளில் லாரி ஓட்டுநர்கள்,
இரவு ஒன்பதுக்கு மேல், செல்போன் வெளிச்சத்தில் நரம்பு தேடி.
"ஏனுங், எங்களை மட்டும் எதுக்கு எண்றீங்?"
எல்லாரையும் எண்ணுறோமுங்.
"எண்ணுவீங். பேப்பர்ல எங்க பேருதானுங் வரும்."

டயாலிசிஸ் பிரிவில் நானூறு கிடைக்கவில்லை,
எண்பத்தொன்று.
போன மாதம் எண்பத்து நான்காக இருந்தது.

பள்ளிபாளையம் தறிக்கூடத்தில்
சம்மதம் கேட்கவும் கத்த வேண்டும்.
கை நீட்டிய ஒடியாப் பையன்
பிபின் என்றான்.
படிவத்தில் பெயருக்கு இடமில்லை என்று சைகை செய்தேன்.
தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து
இன்னும் உரக்கச் சொன்னான்: பிபின்.

பெருந்துறை ரோட்டில், கார் நிற்கும் வீடொன்றில்
பாதி திறந்த கேட்டுக்குப் பின்னிருந்து ஒரு குரல்:
"நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்லீங் கண்ணு."
எனக்கு வேண்டியதும் மாதிரிதான் என்று சொல்ல நினைத்தேன்.
நாய் குரைத்தது.
விதிப்படி அடுத்த வீட்டுக்குப் போனேன்.

கர்ப்பிணிகளிடம் மட்டும் நாங்கள் கேட்கவே இல்லை.
சர்க்கரைக்கும் ஹீமோகுளோபினுக்கும் எடுத்ததில்
மீந்தது போதும்.
பெயர் ஒட்டிய தாளை உரித்துவிட்டுக் கோடுகள் ஒட்டினேன்.
உரித்த பெயர்கள் விரலில் பிசுபிசுத்தன.
சாயங்காலம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன்.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
கடைசிச் சொட்டு விட்டதும்
நிறம் வராத குழி தப்பித்தது.
வைரஸைச் சந்தித்த இரத்தம் மஞ்சளாகும்.
ஈரோட்டில் பிறந்தவள் நான்.
மஞ்சளைப் பார்த்து வயிறு கலங்கியது
அன்றுதான்.

ஓட்டுநர்களில் ஐந்து.
கர்ப்பிணிகளில் ஆறு.

மறுபடி ஓட்டினேன். ஆறு.
"ஐந்தும் ஆறும் ஒன்றுதானம்மா,
வித்தியாசம் தற்செயல்"
என்றார் புள்ளியியல் அலுவலர் செங்கோட்டுவேல்.
சரியாகத்தான் சொன்னார்.
அறிக்கையின் முதல் வரி
லாரிகளைப் பற்றி இருந்தது.

நூற்றுக்கு ஒன்றரை.
ஜவுளிச் சந்தை நெரிசலில்
நைட்டி பேரம் பேசும் பெண்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.
முதல் நூறில் ஒருத்தி.
அந்த அரை ஆள் யார்,
எந்தக் கடையில் நிற்கிறாள்?

பன்னிரண்டு வாரம் மாத்திரை போட்டால்
பெரும்பாலும் போய்விடும் நோய்.
பிள்ளை பெற்ற பிறகு தொடங்கலாம்.
மாத்திரை இருக்கிறது, அலமாரியில், குளிர்ச்சியாக.
யாரைக் கூப்பிடுவது?

நானூறு பேரையும் திரும்ப வரவழைக்கலாமா என்று எழுதினேன்.
நிதி இல்லை.
முடிவு தெரிய வேண்டுமா என்று
படிவத்தில் ஒரு வரி சேர்க்கலாமா என்று எழுதினேன்.
சேர்த்தார்கள்,
அடுத்த ஆண்டுப் படிவத்தில்.

சென்னியப்பன்
ஊசியில் வந்த விரலிகளை
அதே மூட்டையில் போட்டு
ஓட்டையை விரலால் நீவி மூடுகிறார்.
நான் எடுத்ததை எங்கே போடுவது?

செவ்வாய்க்கிழமை.
கர்ப்பிணிகள் வரிசை படி இறங்கி
சைக்கிள் ஸ்டாண்டு வரை நிற்கிறது.
முதல் பெண் கண்ணை இறுக மூடிக் கையை நீட்டினாள்.
பேர் என்னங் என்றேன்.
சொன்னாள்.
மின்விசிறிச் சத்தம் அப்படியொன்றும் அதிகமில்லை.
இன்னொருக்காச் சொல்லுங் என்றேன்.